வெந்நீர்ப் பானையில் கிடந்த டாலர்

போடிமெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் உடனே நடக்க மாட்டேன். வண்டி மறைந்த பிறகும் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்பேன். மூடுபனியில் கண் ஒன்றுக்கும் உதவாது. காதுதான் ஊரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். டீக்கடை ஸ்டவ்வின் இரைச்சல், கீழ் வளைவில் கியர் மாற்றும் ஜீப், ஏலத்தோட்டத்துக்குள் யாரோ யாரையோ கூப்பிடும் குரல். அந்தத் தடவை இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. டிக். சற்று நேரம் ஒன்றுமில்லை. டிக், டிக். என் தோள்பைக்குள்ளிருந்துதான். மலைப்பாதைக் குலுக்கலில் பொத்தான் தானாக அமுங்கியிருக்க வேண்டும்.

பையில் இருந்தது கதிர்வீச்சை எண்ணும் சின்னக் கருவி. பழைய செல்போன் அளவுதான் இருக்கும். பொள்ளாச்சிக்கு மேற்கே, மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கொடுத்த இரவல். என் அக்காவின் கழுத்தில் தொங்கும் டாலரை அளந்து பார்க்கத்தான் எடுத்து வந்திருந்தேன். அளப்பதற்கு எதுவும் இல்லாத அந்த வெள்ளைப் பனிக்குள்ளும் அது எண்ணிக்கொண்டிருந்தது. பாறையிலிருந்து வருவதை, மண்ணிலிருந்து வருவதை, வானத்திலிருந்து வருவதை. எங்கே கொண்டுபோனாலும் அது முழுசாக வாயை மூடாது என்று நண்பர் சொல்லித்தான் அனுப்பினார். தெரிந்த விஷயம்தான். ஆனால் யாருமில்லாத ரோட்டில் அதைக் கேட்டபோது பொத்தானைத் தேடி அவசரமாக அணைத்தேன்.

அக்கா எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரித்தவள். நான் படிப்பு, வாத்தியார் வேலை என்று மலையிறங்கிப் போய்ச் சித்தூரிலேயே தங்கிவிட்டேன். அவள் பிறந்த மேட்டிலேயே இருந்துவிட்டாள். அத்தான் இறந்த பிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே மகள், என் மருமகள். கட்டிக்கொடுத்தது போடியில். ரொம்ப வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டில் புற்று என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். மிச்சம் ஏதும் ஒளிந்திருந்தால் அதையும் எரித்துவிட, கதிர்வீசும் அயோடினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு தனி அறை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடுவார்கள். அவள் துணி தனி, கழிப்பறை தனி. வீட்டுக்கு அனுப்பியபோதும் கர்ப்பிணிகள் பக்கம் போகாதே, குழந்தைகளைத் தூக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். சபைக் கோயிலில் கடைசி பெஞ்சில் அவள் மட்டும் தனியே உட்கார்ந்து பாட்டுப் பாடினாளாம். அந்த நாட்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "மாத்திரயக் கொண்டாந்தவ என்னயப் பாத்து பேயக் கண்ட மாதிரி ஓடுனாடா தம்பி. எனக்கே என்னயப் பாத்தா பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பாரு, அதான் என்னயக் காப்பாத்துச்சு. கர்த்தரும் அந்தக் கதிரும்."

அந்த இரண்டையும் அவள் ஒரே மூச்சில் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அதில் என்ன விளையும் என்று அப்போது தெரியவில்லை.

டாலர் வந்தது ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு. கீழே சமவெளியிலிருந்து வந்த ஒருவன் விற்றுவிட்டுப் போனான். கறுப்பாக, வட்டமாக, வழவழவென்று, சங்கிலியில் கோர்க்கத் துளையோடு. எரிமலைக் கல்லாம். உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் வந்துகொண்டே இருக்குமாம். ரத்தம் சுத்தமாகும், சீக்கு அண்டாது, தண்ணீரில் போட்டுக் குடித்தால் இன்னும் நல்லது. எங்கள் சபையில் தாயத்து கட்டுவது பாவம். சின்ன வயசில் எஸ்டேட் லயத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் என் மணிக்கட்டில் அன்பாகக் கட்டிவிட்ட ஒரு சிவப்புக் கயிற்றை எங்கள் அம்மா பல்லால் கடித்து அறுத்திருக்கிறாள். அதனால் டாலரைப் பாஸ்டர் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்திருக்கிறார். மந்திரம் இல்லை, கட்டம் இல்லை, சாமி படம் இல்லை. "இது சயின்ஸ்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். மந்திரித்த கயிறு என்றால் கிட்டேயே சேர்க்காத கழுத்துகளில் எல்லாம் அந்தக் கறுப்பு வட்டம் ஏறிவிட்டது.

இதை நான் சித்தூரில் டீக்கடையில் வைத்து நண்பரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க, எரிமலைக் கல்லுமில்ல ஒண்ணுமில்ல. நம்ம கடக்கரை கருமணல் மாதிரி எதையாச்சும் அரைச்சுச் சேத்தியிருப்பானுங்க. கதிர் வீசற தோரியம் இருக்குமுங்க."

"அப்ப ஆபத்தா?"

"அங்கதானுங்க சண்டையே."

டபராவில் சிந்திய டீயை விரலால் தொட்டு மேசையில் ஒரு கோடு இழுத்தார். மேலே போகப் போகக் கதிர் அதிகம், கேடும் அதிகம். அந்த மேல்பக்கத்தில் சண்டையே இல்லை; அணுகுண்டு விழுந்த ஊர்களே அதைக் காட்டிவிட்டன. அவர் விரல் கோட்டின் கீழ் மூலைக்கு வந்து நின்றது.

"இங்க யாருக்குமே செரியாத் தெரியாதுங்க. ஒரு கட்சி கோட்ட நேராப் பூஜ்யம் வரைக்கும் கொண்டாந்து உட்டுருது. துளியூண்டு பட்டாலும் துளியூண்டு கேடுங்குது. இன்னொரு கட்சி, கீழ வர்றப்ப கோடு வளைஞ்சு தரைக்குங் கீழ போயிட்டு வருதுங்குது. அதாவது, கொஞ்சமாப் பட்டா ஒடம்பு உசாராயிரும், தன்னத்தானே ரிப்பேர் பண்ணிக்கும், அதனால நல்லதுங்கறாங்க."

"நீங்க எந்தக் கட்சி?"

"நானு வளைஞ்ச கோட்டுக் கட்சிங்க. கருமணல் மேலயே தலைமுறையா ஊடு கட்டிக் குடியிருக்கறாங்கள்ல? அவங்களுக்குப் புத்து கூடிப்போச்சுன்னு தெளிவா யாராலயும் காட்ட முடியல." நேர்மையான மனுஷர் என்பதால், அவரே சேர்த்தார்: "கொறைஞ்சு போச்சுன்னும் காட்ட முடியல. அந்த மூலையப் பாக்கோணும்னா கணக்கில்லாத சனத்த ஆயுசு பூரா எண்ணோணுங்க. அப்பவும் பீடி, பூச்சிமருந்து, அடுப்புப் பொகை எல்லாம் கூடவே வந்து நிக்கும்."

எனக்கு வளைந்த கோடு பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? பாறைமேல் பிறந்து, பூச்சிமருந்து வாசத்தில் வளர்ந்தவனுக்கு, கொஞ்சம் விஷம் உடம்பை உறுதியாக்கும் என்று படித்தவர் ஒருவர் சொன்னால் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோடு, பேச்சுவாக்கில், அக்கா தன் மகளுக்கும் ஒரு டாலர் வாங்கி வயிற்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்கிறாள் என்றேன்.

அவர் உள்ளங்கையால் மேசையை ஒரே துடைப்பாகத் துடைத்தார். கோடு போய்விட்டது.

"அதுமட்டும் வேண்டாமுங்க."

"உங்க கட்சியே நல்லதுன்னுதானே சொல்லுது?"

"கட்சி எனக்குங்க. வயித்துல இருக்கறது எந்தக் கட்சியிலயும் சேரலயே." மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து கருவியைக் கொடுத்தார்.

அக்கா வீட்டில் அன்று மதியம் நான் முதலில் பார்த்தது அவள் கழுத்தைத்தான். தழும்பு இருந்தது. டாலர் இல்லை.

"எங்கக்கா அது?"

"சங்கிலி அத்துப்போச்சு. உள்ள கெடக்கு. வந்ததும் வராததுமா என் கழுத்தப் பாக்கான் பாரு. சாப்புடு மொதல்ல."

"நான்தான் மாமா கழட்டச் சொன்னேன்." மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. "தாயத்துக் கணக்கா தொங்கவிட்டுட்டு. எனக்கும் ஒண்ணு கட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. பாஸ்டரு என்ன, அவரு மேல உள்ளவரு சொன்னாலும் கட்ட மாட்டேன்னுட்டேன்."

"வாயி மட்டும் அப்படியே ஒங்கப்பன்" என்றாள் அக்கா. சண்டை முடிந்துபோன குரலில்தான் சொன்னாள். எனக்கு மனசு லேசானது.

சாப்பாட்டோடு வைத்த வெந்நீர் சிவப்பாக இருந்தது. மலையாளத்துக்காரர்கள் வீட்டில் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சுவார்களே, அந்தச் சிவப்பு. எங்கள் வீட்டில் எப்போதும் ஏலத்தோல் போட்ட வெள்ளைத் தண்ணீர்தான். கேட்டேன். "புள்ளத்தாச்சிக்கு நல்லதுன்னாங்க. குடி, ஒனக்கும் நல்லதுதான்" என்றாள். சூடாக, லேசான துவர்ப்போடு, மலைக்குளிருக்கு இதமாக இருந்தது. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் மருமகளுக்கு வேடிக்கை காட்டக் கருவியைப் போட்டேன். அவள் கையில் வைத்தால் எப்போதாவது ஒரு டிக். சமையல் மேடையின் கருங்கல்லில் வைத்தால் கொஞ்சம் நெருக்கமாக. "பல்லி மாதிரி சொல்லுது மாமா" என்றாள். "நம்ம வீட்ல பல்லி சொல்றதெல்லாம் கேக்கக்கூடாது" என்று உள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள், மூவரும் சிரித்தோம். வெந்நீர்ப் பானைக்கு மேலும் ஒரு தடவை பிடித்தேன். பெரிய அலுமினியப் பானை, வாய்வரை சிவந்த தண்ணீர். கருவி அமைதியாகவே இருந்தது. அப்போது அக்கா பேச்சை நிறுத்தியிருந்தாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஞாயிறு. அக்கா கோயிலுக்குப் போய்விட்டாள். மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பானையில் அடித்தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது. கழுவிப் புதுசாகக் காய்ச்சி வைப்போம் என்று தொட்டியில் கவிழ்த்தேன். தண்ணீரோடு கட்டைகள் விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் ஏதோ உலோகத்தில் சறுக்கி, விளிம்பில் இடித்து, டங்கென்று நின்றது.

கறுப்பு வட்டம். ஒரு பக்கம் விளிம்பு உடைந்திருந்தது. தினமும் கொதித்துக் கொதித்து மேல்பூச்சு உரிந்து, தொட்டால் விரலில் கரி மாதிரி ஒட்டியது. பானையின் அடியில், அலுமினியத்தில், அதே கறுப்பில் நைசான பொடி படிந்திருந்தது.

கருவியைக் கொண்டுவந்து கிட்டே பிடித்தேன். முந்தின நாள் தண்ணீர் மறைத்து வைத்திருந்ததெல்லாம் இப்போது திறந்து கிடந்தது. டிக் என்று தனித்தனியாகச் சொல்லவே முடியவில்லை. சரளைக்கல்லில் தகரத்தை இழுப்பதுபோல் ஒரே கரகரப்பு. பானையின் அடிக்கு நகர்த்தினேன். சற்றுக் குறைந்தது. நிற்கவில்லை.

"அது என்ன மாமா?"

மருமகள் வாசலில் நின்றாள். தூக்கம் கலையாத முகம். கையில் டம்ளர். தண்ணீர் குடிக்க வந்திருக்கிறாள்.

அக்கா திரும்பி வந்தபோது டாலர் சமையல் மேடைமேல் கிடந்தது. அவள் பைபிளை அலமாரியில் வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், பிறகுதான் எங்களைப் பார்த்தாள். மறைக்க முயலவே இல்லை.

"நீ கட்டமாட்டேன்னுட்ட. வேற என்ன செய்ய?"

"எத்தன நாளாம்மா?"

"நீ வந்ததுலருந்து."

நான் கத்திவிட்டேன். "ஒனக்குக் குடுத்தது சீக்க எரிக்கக்கா. இவளுக்கு என்ன சீக்கு?"

"வராம இருக்கத்தான்டா. என் கழுத்துல வந்தது இவளுக்கு வராதுன்னு டாக்டரு சத்தியம் பண்ணானா? இவ வயித்துல இருக்கறதுக்கு வராதுன்னு எவனாச்சும் சொன்னானா? நல்லதுன்னு படிச்சவங்களே சொல்றாங்கன்னு அன்னைக்குப் போன்ல நீதானடா சொன்ன, வளைஞ்ச கோடுன்னு?"

சொன்னேன்தான். நேர்க்கோட்டையும் சேர்த்தே சொன்னேன். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் செல்போன் எடுக்காது. மேலே வளைவுவரை ஏறிப்போய் நண்பரைக் கூப்பிட்டேன். பனி முகத்தில் ஈரமாக ஒட்டியது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"வெளிய தொங்கறது வேறங்க. உள்ள போறது வேறங்க. பொடி உதுந்திருக்குதா?"

"உதிர்ந்திருக்கு."

"பெரும்பாலும் ஒடம்புல தங்காதுங்க. வந்த வழியே போயிருமுங்க."

"பெரும்பாலும்னா?"

"டாக்டர்கிட்ட ஒண்ணையும் மறைக்காமச் சொல்லிப்போடச் சொல்லுங்க. நீங்களும் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"செரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவரிடம் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அன்று இல்லை.

திரும்பி வருவதற்குள் மருமகள் பையைக் கட்டி முடித்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜீப் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. போகும்போது குழாயில் பச்சைத்தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். தன் தாய்வீட்டில் அவள் தண்ணீரை முகர்ந்து பார்த்துப் பிடித்ததைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. "கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்லம்மா" என்று மட்டும் சொன்னாள். அக்கா, "கேட்டனே" என்றாள்.

ஜீப் சத்தம் வளைவுகளில் இறங்கி மறைந்த பிறகு அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தாடையை உயர்த்தினாள்.

"அத என் கழுத்துல வச்சுப் பாரு."

வைத்தேன். தழும்புக்கு மேல், தழும்புக்குக் கீழ். டிக். நெடுநேரம் கழித்து இன்னொரு டிக். சுவரில் வைத்தாலும் அவ்வளவுதான் வரும்.

"இருக்கா?"

"இல்லக்கா. அந்த அயோடின் அப்பவே சில வாரத்துல அடங்கிப் போயிருக்கும். ஒண்ணுமே இல்ல." நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் நினைத்துச் சொன்னேன்.

அவள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக் கதவு இத்தனை வருஷமும் திறந்தே கிடந்தது என்று இப்போது சொல்லப்பட்டவள் மாதிரி இருந்தாள். "அப்ப எதுடா என்னயக் காவல் காத்துச்சு?" என்றாள். கருவியை அணைத்தேன். ஒவ்வொரு டிக்கும் அவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுபோல் இருந்தது.

டாலரைப் பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றித் துணி கட்டி, வீட்டுக்குள் வைக்க மனமில்லாமல் வெளியே கொய்யா மரத்தடியில் வைத்தேன். காலையில் அக்காவே எடுத்து வந்து கையில் கொடுத்தாள். கட்டு கட்டினபடியே இருந்தது. போடி, உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று பஸ் மாறி மாறி இறங்கும் வழியெல்லாம் டப்பாவுக்குள் அது உருண்டு லொடலொடத்தது. அந்தச் சத்தமே போதும் என்று கருவியை நான் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து நண்பர் வீட்டில் டப்பாவைத் திறந்தோம். கருவியைப் போட்டார். எப்போதாவது ஒரு டிக். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். உள்ளே வட்டமாக, வழவழவென்று, ஓடையில் கிடக்கும் ஒரு கூழாங்கல்.

மருமகளைக் கூப்பிட்டேன். "அம்மா அங்கயா இருக்கு?"

"நேத்தே வந்துருச்சு மாமா. கோவமெல்லாம் போச்சு. பிரசவம் முடியற வரைக்கும் இங்கதான்." பின்னால் பாத்திரச் சத்தம். "வெந்நி வச்சிட்டு இருக்கு. நான் பாத்துட்டேன், வெறும் தண்ணிதான்."

டப்பாவில் என்ன இருந்தது என்று சொன்னேன். நடக்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தும் சத்தம். துணி உரசும் சத்தம். போடிமெட்டில் பனிக்குள் நிற்பதுபோல் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக இனம் கண்டுகொண்டிருந்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம்.

"தலகாணி ஒறைக்குள்ள மாமா" என்றாள் மிகத் தணிந்த குரலில். "நேத்து வந்ததும் புது ஒறை தச்சுப் போட்டுச்சு."

"உடனே வெளிய எடு. ஒங்கம்மாவ ஊருக்கு அனுப்பு."

"எடுத்துடறேன். அனுப்ப மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்கு மாமா. அந்த நேரத்துல அம்மா பக்கத்துல இருக்கணும்."

டாலரை அவள் வீட்டுக்காரர் சித்தூர்வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நண்பரிடம் கனத்த பெட்டி ஒன்றுக்குள் கிடக்கிறது. தலையணை உறைக்குள் மருமகள் ஒரு கூழாங்கல்லை வைத்து, அம்மா போட்ட அதே தையலைப் போட்டுவிட்டாள். டாக்டரிடம் எல்லாம் சொன்னாளாம். ஸ்கேனில் குறை ஏதும் தெரியவில்லை என்றாராம். தெரியவில்லை என்ற சொல்லை அவள் அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

தை மாதம் குழந்தை பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். மேசையைத் துடைத்த நாளிலிருந்து நண்பர் கோடு எதுவும் வரைவதில்லை. நானும் கேட்பதில்லை. நேற்று மருமகள் பேசும்போது வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் இடையில் சொன்னாள்: "படுக்கப் போறப்ப தினமும் அம்மா வந்து தலகாணிய ஒரு தடவ தடவிப் பாக்குது மாமா. இருக்குன்னு தெரிஞ்சதும் ஜெபம் பண்ணிட்டுப் போய்ப் படுத்துக்குது."